இரண்டாவது டிக்

புகைப்படக்காரர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"இருபத்தாறு வருஷமா கேமராவைத் தூக்கிட்டு அலையறேன். இப்படி ஒரு அவமானம் எனக்கு வந்ததில்லைங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, இப்ப போடவே இல்லைன்னு சாதிக்கறாங்க. இவங்களை என்ன பண்றது?"

அக்கா நாற்காலியைக் காட்டினார். வங்கியில் கையெழுத்துச் சரிபார்க்கும் பிரிவிலேயே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு விளக்கு. பாகப்பிரிவினைப் பத்திரம், மொட்டைக் கடிதம், திருத்திய மதிப்பெண் சான்றிதழ் என்று சந்தேகம் வந்த காகிதங்களெல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும். எதிரே யார் எவ்வளவு கத்தினாலும் அவர் குரல் மட்டும் உயராது.

உயருகிற குரல் அவருடைய தங்கை கணவருடையது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். அக்கா அவரை 'மாப்பிள்ளை' என்பார். வந்து போகிறவர்களுக்கும் அதுவே அவர் பெயராகிவிட்டது. நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் தப்புக்குத் தன் காலால் பிரேக் போட்டுப் போட்டு, யாராவது அபத்தமாகப் பேசினாலே அவருடைய வலது கால் தரையை மிதிக்கும். வகுப்பு இல்லாத நேரமெல்லாம் துப்பறிகிற ஆசையில் இங்கே வந்துவிடுவார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் அக்கா.

புகைப்படக்காரர் சொன்னார். வேலை செய்கிறவர்களின் முகங்களை அவர் ஒரு தொடராக எடுத்திருக்கிறார். மொத்தம் முப்பத்திரண்டு பேர். படங்களைச் சட்டம் போட்டு ஓர் அரங்கில் மாட்டுவதாக ஏற்பாடு. விளம்பரத்துக்காக, போன ஞாயிற்றுக்கிழமை எல்லாப் படங்களையும் தன்னுடைய இணையதளத்தில் ஏற்றிவிட்டார். அதில் பதினேழாம் எண் படம், மருத்துவமனைச் சலவைப் பிரிவில் நீராவிக்கு நடுவே இஸ்திரி போடுகிற ஒரு பெண்ணின் முகம், ஊரெல்லாம் பரவிவிட்டது. அழைப்பிதழிலும் அதையே அச்சடித்துவிட்டார்கள்.

"புதன்கிழமை காலையில ஒம்பதரைக்கு போன் பண்ணி, யாரைக் கேட்டு என் மூஞ்சியை நெட்ல போட்டீங்கன்னு ஒரே சத்தம். பத்து மணிக்குள்ள இந்தப் படிவத்தை போட்டோ எடுத்து அவங்களுக்கு அனுப்பிட்டேன். அதோட பேசாம இருக்கணுமா இல்லையா? போலீஸுக்கே போயிட்டாங்க. நீங்க இது அவங்க கையெழுத்துதான்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

அவர் நீட்டிய தாளை மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். அச்சடித்த அனுமதிப் படிவம். படத்தின் எண், பெயர், தேதி. கீழே இரண்டு கட்டங்கள். 'அரங்கில் மாட்டலாம்' என்பதற்கு எதிரே ஒரு டிக். 'இணையத்தில் வெளியிடலாம்' என்பதற்கு எதிரே இன்னொரு டிக். அடியில் கையெழுத்து. எல்லாம் ஒரே நீல மை.

அக்கா கையெழுத்தைப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பின்பக்கத்தை விரல் நுனியால் தடவினார். இரண்டு முறை தடவினார்.

"மத்த முப்பத்தோரு படிவமும் எனக்கு வேணுமே."

"அது எதுக்குங்க? பிரச்சினை இந்த ஒண்ணுலதானே?"

"ஒத்துப் பார்க்கணும்."

புகைப்படக்காரர் அலுத்துக்கொண்டார். கோப்பு ஸ்டுடியோவில் பீரோவுக்குள் இருப்பதாகவும், மத்தியானம் அங்கே வந்தால் காட்டுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

"இதுல என்னக்கா இருக்கு?" என்றார் மாப்பிள்ளை. "படம் பிரபலமாயிடுச்சு. நமக்கும் ஏதாவது கிடைக்குமான்னு அந்தம்மா ஆட்டம் காட்டுது."

"அப்படியா? வாங்க, அவங்களையே கேட்டுடலாம்."

மருத்துவமனையின் பின்புறத்தில் இருந்தது சலவைப் பிரிவு. கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. ஆள் உயரத்துக்கு மடித்து அடுக்கிய படுக்கை விரிப்புகள். அவற்றுக்கு இடையில் நின்ற பெண்ணைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. காலையில்தான் அந்தப் படத்தைக் கைபேசியில் பார்த்திருந்தார். படத்தில் இருந்த அமைதி நேரில் இல்லை.

"நீங்க எத்தனாவது ஆளு?" என்றார் அந்தப் பெண், அக்கா நீட்டிய படிவத்தைப் பார்த்ததும், கையிலிருந்த விரிப்பை விடாமலே. "போன்ல அந்தாளுகிட்ட சொன்னேன். சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். ஸ்டேஷன்ல ரெண்டு தடவை சொன்னேன். எல்லாரும் கையெழுத்து உன்னோடதா இல்லையான்னு அதையேதான் கேக்கறாங்க. என்னோடதுதாங்க. நான் எப்ப இல்லேன்னேன்?"

மாப்பிள்ளையின் கால் தரையை மிதித்தது. "கையெழுத்து உங்களோடதுதானா?"

"ஆமாங்க. கையெழுத்து என்னோடது. நெட்ல போடச் சொன்னது நான் இல்லை. சுவத்துல பத்து நாள் மாட்டிட்டுக் கழட்டிடுவோம்னாரு. சரின்னு ஒரு கட்டத்துல டிக் போட்டேன். இன்னொண்ணைக் காட்டி, நெட்டுக்கும் போடட்டுமான்னாரு. வேண்டவே வேண்டாம்னேன். ஏன்னு கேட்டாரு. அதையும் சொன்னேன்."

"எங்ககிட்டயும் சொல்வீங்களா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

அந்தப் பெண் விரிப்பை அடுக்கின் மேல் வைத்தார். "என் வீட்டுக்காரன் கை ஓங்கற ஆளு. பொண்ணைத் தூக்கிக்கிட்டு ஊரை விட்டே வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. எங்க இருக்கேன்னு அவனுக்குத் தெரியாம இருந்துச்சு. அந்தப் படத்துல என் சட்டையைப் பாருங்க. ஆஸ்பத்திரி பேரு பளிச்சுனு தெரியுது. செவ்வாக்கிழமை சாயந்திரம் வாசல்ல வந்து நிக்கறான். வாட்ச்மேனோட கைகலப்பு. பணியிடத்துல குழப்பம் விளைவிச்சதுக்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ குடுத்திருக்காங்க. எனக்கு! பொண்ணை நாலு நாளா ஸ்கூலுக்கு அனுப்பல. இதுல ஸ்டேஷன்ல ஒருத்தர், படம் நல்லாத்தானேம்மா இருக்குங்கறார்."

மாப்பிள்ளைக்குக் காது மடல் சூடானது. காலையில் தானும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னோம் என்பது நினைவுக்கு வந்தது.

"கையெழுத்து எங்க வச்சுப் போட்டீங்க?" என்றார் அக்கா.

"இதோ, இந்த விரிப்பு அடுக்கு மேல. படிவமெல்லாம் ஒரு கட்டா, நோட்டுப் புத்தகம் மாதிரி ஒட்டியிருந்துச்சு. கட்டோட வச்சு எழுதினேன். நான் கொஞ்சம் அழுத்தித்தான் எழுதுவேன். எழுதினதும் அவர் தாளைக் கிழிச்சு எடுத்துக்கிட்டாரு. அடுத்த தாள்ல பாய்லர் அண்ணன் போட்டாரு. அவர் படம் பதினெட்டு."

அக்கா தலையாட்டினார். வெளியே வந்ததும் மாப்பிள்ளை பொறுக்க முடியாமல் பொரிந்தார்.

"கையெழுத்தே போடலைன்னு அந்தம்மா சாதிக்கறதா அந்த மனுஷன் சொன்னானேக்கா! இந்தம்மா அப்படிச் சொல்லவே இல்லையே!"

"அதைக் கவனிச்சீங்களா? நல்லது" என்றார் அக்கா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவிடம் மாப்பிள்ளைக்குப் பிடிக்காத ஒரே குணம் அதுதான்.

ஸ்டுடியோ இரண்டாவது மாடியில் இருந்தது. ஒரே நீளக் கூடம், மூன்று மேசைகள். ஜன்னலோரம் இருந்தது புகைப்படக்காரருடைய பெரிய மேசை. மேலே கனமான கண்ணாடி போட்டு, அதற்கடியில் பழைய படங்களைச் செருகி வைத்திருந்தார். நடுவில் அவருடைய அண்ணன் மகளின் மேசை. இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவள் அவள். மேசை முழுக்கத் தடித்த ரப்பர் விரிப்பு, மேலே கணினி. கடைசி மேசையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். "எங்க சட்டக்காரர்" என்று புகைப்படக்காரர் அறிமுகம் செய்ததும், வக்கீல் வைத்துவிட்டாரோ என்று மாப்பிள்ளை திடுக்கிட்டார். படத்துக்குச் சட்டம் போடுகிறவர்தான். அவர் மேசைமேல் வரிவரியான பெட்டி அட்டை விரித்திருந்தது.

புகைப்படக்காரர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து பீரோவைத் திறந்து கோப்பை நீட்டினார். "பாருங்க. ஆனா நேரம் ஆகுது. எனக்கு அரங்கத்துல வேலை கிடக்கு."

அக்கா அவசரப்படவில்லை. முப்பத்தோரு படிவங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். மூன்று இடத்தில் நின்று ஏதோ குறித்துக்கொண்டார். பதினெட்டாம் எண் படிவத்தை மட்டும் ஜன்னலருகே கொண்டுபோய், கண் மட்டத்தில் சாய்த்துப் பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நெடுநேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து மூன்று வெற்றுத் தாள்களை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார்.

"அவங்கவங்க மேசையில வச்சே எழுதுங்க. உங்க போன் நம்பர், கீழ ஒரு டிக். போதும்."

மூவரும் எழுதிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குத் தாங்கவில்லை. அக்காவை ஒதுக்குப்புறமாக இழுத்தார்.

"ஒரு டிக்குல என்னக்கா கையெழுத்து தெரியும்? எல்லாரும் போடற டிக் ஒரே மாதிரிதானே இருக்கும்?"

"ஒரே மாதிரிதான் இருக்கும்" என்று ஒப்புக்கொண்டார் அக்கா.

"அப்புறம் எதுக்கு எழுத வச்சீங்க?"

"கையைப் பார்க்க இல்லை."

மாப்பிள்ளை மீண்டும் தரையை மிதித்தார். சரி, நாமாவது உருப்படியாக விசாரிப்போம் என்று அண்ணன் மகளிடம் போனார். படத்தை ஏற்றியது அவள்தான்; அவர் கணக்குப்படி குற்றவாளியும் அவள்தான்.

"படிவத்தைப் பார்த்துட்டுத்தான் ஏத்தினியாம்மா?"

"படிவமா? நான் அதைக் கண்ணால பார்த்ததே இல்லைங்க. சித்தப்பா எல்லாத்தையும் ஏத்துன்னாரு. ஏத்தினேன். அனுமதியெல்லாம் வாங்கியாச்சான்னு கேட்டேன். ஆச்சு ஆச்சுன்னாரு."

"புதன்கிழமை அந்தம்மா போன் பண்ணப்ப நீ என்ன சொன்னே?"

"நான் இங்க இருந்தாத்தானே? காலையில எட்டு மணிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் நானும் சட்டக்காரத் தாத்தாவும் அரங்கத்துல ஆணி அடிச்சிட்டு இருந்தோம். அங்க காவலாளிகிட்ட கையெழுத்துப் போட்டுட்டுத்தான் உள்ள போகணும். வேணும்னா கேட்டுக்குங்க."

"அதுலயும் ரெண்டு ஆணி வளைஞ்சுது" என்று பெரியவர் தன் பங்குக்குச் சொன்னார்.

மாப்பிள்ளை முகம் தொங்கத் திரும்பியபோது, அக்கா எல்லோரையும் பெரிய மேசையருகே உட்காரச் சொன்னார்.

"அந்த ஒரு வரி எழுதியாச்சா?" என்றார் புகைப்படக்காரர். "கையெழுத்து அவங்களோடதுதானே?"

"அவங்களோடதுதான். அதுல சந்தேகமே இல்லை."

புகைப்படக்காரர் நீளமாக மூச்சு விட்டார். "இதைத்தான் நான் சொன்னேன்!"

"ஆனா அதை அவங்க மறுக்கவே இல்லையே. நேர்ல கேட்டுட்டு வந்தோம். கையெழுத்து போட்டேன், நெட்டுக்கு வேண்டாம்னேன்னுதான் முதல் நாள்லேர்ந்து சொல்றாங்க. நீங்க மட்டுந்தான் அவங்க கையெழுத்தையே மறுக்கறதா என்கிட்ட சொன்னீங்க. நான் கையெழுத்தை மட்டும் பார்த்துட்டுச் சரின்னு எழுதிக் குடுக்கணும். அதைக் காட்டினா ஸ்டேஷன்ல முழுப் படிவமும் சரின்னு எடுத்துக்குவாங்க. இல்லையா?"

அக்கா பதினேழாம் எண் படிவத்தைக் கவிழ்த்துப் போட்டார்.

"மாப்பிள்ளை, பின்பக்கத்தைத் தடவிப் பாருங்க. முதல்ல கையெழுத்து இருக்கிற இடம்."

மாப்பிள்ளை தடவினார். மேடும் பள்ளமுமாக விரலில் தட்டியது. முதல் டிக் இருந்த இடமும் அப்படியே. இரண்டாவது டிக் இருந்த இடத்தில் விரல் வழுக்கிக்கொண்டு போனது.

"இங்க ஒண்ணுமே இல்லையேக்கா!"

"அந்தப் பொண்ணு அழுத்தி எழுதறவங்க. படிவம் கட்டா இருந்தப்ப, விரிப்பு மேல வச்சு எழுதியிருக்காங்க. அடியில முப்பது நாப்பது தாள். பேனா உள்ள இறங்கும், பின்பக்கம் புடைச்சுக்கும். கையெழுத்தும் முதல் டிக்கும் அப்படித்தான் இருக்கு. ரெண்டாவது டிக்குக்குப் புடைப்பே இல்லை. தனித்தாளைக் கெட்டியான, வழவழப்பான எதுமேலயோ வச்சுப் போட்டிருக்காங்க. அதாவது, கட்டுலேர்ந்து கிழிச்சதுக்கு அப்புறம்."

"வேகமா லேசாப் போட்டிருப்பாங்க" என்றார் புகைப்படக்காரர்.

"இருக்கலாம். அதனாலதான் பதினெட்டாம் எண்ணைப் பார்த்தேன். பாய்லர்காரர் எழுதினது கட்டுல அடுத்த தாள். அந்தப் பொண்ணு அழுத்தி எழுதினது இதுலயும் தடமா இறங்கியிருக்கு. சாய்ச்சுப் பாருங்க. கையெழுத்து முழுசா தெரியும். முதல் கட்டத்துல ஒரு டிக்கோட தடம் தெரியும், பாய்லர்காரரோட சொந்த டிக்குக்குப் பக்கத்துல. ரெண்டாவது கட்டத்துல அவரோட டிக் மட்டும்தான். கூட ஒரு தடமும் இல்லை."

அண்ணன் மகள் தாளை வாங்கி ஜன்னல் பக்கம் சாய்த்தாள். அவள் முகம் மாறியது.

"அடுத்தது, எங்க வச்சுப் போட்டாங்க?" அக்கா மூன்று வெற்றுத் தாள்களையும் பரப்பினார். "பெரியவர் எழுதினதுல கோடெல்லாம் விட்டு விட்டு இருக்கு. அட்டையோட வரி. இந்தப் பொண்ணு எழுதினது ரப்பர்ல பதிஞ்சு பின்பக்கம் புடைச்சிருக்கு. மூணாவது தாள்ல கோடு சுத்தமா இருக்கு, பின்பக்கம் வழவழன்னு இருக்கு. கண்ணாடி."

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் விளங்கியது. அக்கா எழுத வைத்தது மூன்று பேரை இல்லை, மூன்று மேசைகளை.

"என் மேசையில யார் வேணா உக்காருவாங்க" என்றார் புகைப்படக்காரர். குரலில் முந்தைய முறுக்கு இல்லை.

"உக்காரலாம். ஆனா எப்போ? ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி இந்தக் கட்டங்களை இங்க யாருமே பார்க்கல. பார்த்திருந்தா அஞ்சு, இருபத்திரண்டு, முப்பது இந்த மூணு படமும் நெட்டுக்குப் போயிருக்காது. அந்த மூணு பேரும் அரங்கத்துக்கு மட்டும்தான் டிக் போட்டிருக்காங்க. அவங்க படிவத்தை யாரும் திருத்தல. ஏன்னா அவங்க இன்னும் போன் பண்ணல. புதன்கிழமை ஒம்பதரைக்கு ஒருத்தங்க போன் பண்ணாங்க. பத்து மணிக்கு ரெண்டு டிக்கோட படிவம் அவங்களுக்குப் போயிடுச்சு. நேரம் நீங்க சொன்னதுதான். அந்த அரை மணி நேரத்துல இவங்க ரெண்டு பேரும் அரங்கத்துல இருந்தாங்க. பீரோ சாவி உங்க இடுப்புல இருந்துச்சு."

கீழே தெருவில் ஒரு வண்டி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"ஒரு டிக்குதானே" என்றார் புகைப்படக்காரர் கடைசியில். "எடுத்ததுலயே அதுதாங்க நல்ல படம். இருபத்தாறு வருஷத்துல அப்படி ஒண்ணு அமையல. அழைப்பிதழ் வேற அச்சாயிடுச்சு. கேட்டா கட்டாயம் சரின்னுதான் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

"கேட்டீங்களே!" மாப்பிள்ளை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "கேட்டுட்டீங்களே ஐயா! அவங்க வேண்டாம்னாங்க. ஏன்னும் சொன்னாங்க. அதுக்கு அப்புறமும் எதுக்கு நினைக்கறீங்க?"

அண்ணன் மகள் ஏற்கெனவே தன் மேசைக்குப் போய்விட்டிருந்தாள்.

"பதினேழை எடுத்துட்டேன்" என்றாள் திரும்பாமலே. "அஞ்சு, இருபத்திரண்டு, முப்பதையும் எடுத்துட்டேன். ஆனா ஊரெல்லாம் போயிட்ட பதினேழை நான் எங்கேன்னு போய் எடுப்பேன் சித்தப்பா? பகிர்ந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்க் கெஞ்சணும்."

"கெஞ்சு" என்றார் பெரியவர், அட்டையைச் சுருட்டிக்கொண்டே. "இவனையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுக் கெஞ்சு. நான் அரங்கத்துக்குப் போய் அந்தப் படத்தைச் சுவத்துலேர்ந்தும் இறக்கிடறேன்."

"சுவத்துக்குத்தான் அவங்க சம்மதிச்சாங்களே" என்றார் புகைப்படக்காரர் ஈனக் குரலில்.

"அதையும் அவங்களையே கேட்போம்" என்றார் அக்கா. "இந்தத் தடவை அவங்க சொல்றதை எழுதிக்குவோம்."

அறிக்கையை அக்கா அங்கேயே உட்கார்ந்து எழுதினார். புகைப்படக்காரர் கேட்ட ஒரு வரி முதல் வரியாக இருந்தது. அதற்குக் கீழே இன்னும் பதினாறு வரிகள் இருந்தன.

சலவைப் பிரிவுக்கு அவர்கள் திரும்பிப் போனபோது பணி மாறுகிற நேரம். அந்தப் பெண் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். மாப்பிள்ளை உற்சாகம் தாங்காமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார்: பின்பக்கப் புடைப்பு, பாய்லர்காரர் தாளில் தெரிந்த தடம், கண்ணாடி மேசை, புதன்கிழமையின் அந்த அரை மணி நேரம். ஒரு பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

அந்தப் பெண் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஆக, நான் ஒரு டிக்குதான் போட்டேன்."

"ஆமாங்க! நிரூபிச்சாச்சு!"

"அதைத்தானே நான் முதல்லேர்ந்து சொல்லிட்டு இருக்கேன்."

அக்கா அறிக்கையை நீட்டினார். அந்தப் பெண் வாங்கி, நின்ற இடத்திலேயே முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

"சுவத்துலயும் வேண்டாம்னு சொல்லிடுங்க. இது மாதிரி எத்தனை நகல் குடுப்பீங்க? சூப்பர்வைசருக்கு ஒண்ணு வேணும், மெமோவைத் திருப்பி வாங்கணும். ஸ்டேஷனுக்கு ஒண்ணு. பொண்ணு ஸ்கூல்ல ஒண்ணு, அவன் வந்து நின்னா உள்ள விடக் கூடாதுன்னு சொல்ல. மூணு."

"நாலா போட்டுத் தரேன்" என்றார் அக்கா. "உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்."

"எனக்கு எதுக்குங்க?" என்றார் அந்தப் பெண், தாளை மடித்துப் பைக்குள் வைத்தபடி. "எனக்குத்தான் தெரியுமே."